அரிப்பு தொடங்குவதற்கு முன்பே: சிரங்கு ஆய்வின் வரலாறு

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், மாணவர் விடுதிக் காப்பாளர்கள், முதியோர் இல்லப் பொறுப்பாளர்கள், குழந்தைக் காப்பகங்களில் பணிபுரியும் ஆயாக்கள் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்



சிரங்கு, மனிதத் தோலின் மேலடுக்கைக் குடைந்து அதற்குள்ளேயே வாழும் எட்டுக்கால் பூச்சியால் வரும் நோய். அரசாங்கக் கிளினிக்கில் அதற்குக் 'குடிஸ் புத்தா' என்று பெயர். லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள் சொறி என்பார்கள். பெண் பூச்சியின் நீளம் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். ஆண் அதில் பாதிதான். கருவுற்ற பெண் பூச்சி விரலிடுக்கிலோ மணிக்கட்டு மடிப்பிலோ உள்ளே இறங்கி, நாளுக்கு 2 அல்லது 3 முட்டை இட்டபடியே ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை குடைந்துகொண்டு போகும். முட்டைகள் 3, 4 நாளில் பொரியும். குஞ்சு இரண்டு வாரத்துக்குள் வளர்ந்த பூச்சியாகிவிடும். வெளியே தெரிவது வளைந்து நெளிந்த மெல்லிய சாம்பல் கோடு மட்டுமே. பல சமயம் அதுவும் சொறிந்த காயத்தில் மறைந்துபோயிருக்கும்.

இந்தப் பூச்சியைப் பற்றிய மிக முக்கியமான உண்மை ஒன்று 80 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் அது இன்னும் விடுதி வாசலுக்கு வந்து சேரவில்லை. அரிப்பை உண்டாக்குவது உடலின் எதிர்ப்பு. பூச்சி எவ்வளவு குடைந்தாலும், அதை அந்நியம் என்று உடல் இனம் கண்டுகொள்ளும் வரை தோல் அரிப்பதில்லை. முதன்முறை தொற்றியவருக்கு இந்த இனங்காணல் முடிய 4 முதல் 6 வாரம் ஆகும். அத்தனை வாரமும் அவர் நலமாகத்தான் இருப்பார். பாயைப் பகிர்வார், தம்பியைக் கட்டிக்கொண்டு தூங்குவார், பூச்சியையும் கொடுத்துக்கொண்டிருப்பார். சொறிகிற பிள்ளையை மட்டும் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு விடுதி சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது இதனால்தான் பயன் தருவதில்லை. அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அவமானம் மிஞ்சுகிறது. அடுத்த மாதம் வேறு மூவர் சொறியத் தொடங்குகிறார்கள்.

உலகில் எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 20 கோடிப் பேருக்குச் சிரங்கு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. 2017இல்தான் அந்நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மலேசியாவில் நிலைமை எப்படி என்பதற்கு, பினாங்கில் ஒரு நல்வாழ்வு இல்லத்தில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வு ஒரு சான்று. 3 முதல் 17 வயது வரையிலான 120 பிள்ளைகள் சோதிக்கப்பட்டார்கள். 31 விழுக்காட்டினருக்குச் சிரங்கும் 49 விழுக்காட்டினருக்குத் தலைப்பேனும் இருந்தன. சுங்கை சிப்புட் இதற்கு விதிவிலக்காக இருக்க எந்தக் காரணமும் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகிக் குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தன. ஆனாலும் ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுக்கும் வாழ்க்கை ஒழியவில்லை. மாணவர் விடுதிகளிலும் முதியோர் இல்லங்களிலும் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் கொங்சிகளிலும் அது தொடர்கிறது. சிரங்குக்கு வேண்டியது அழுக்கு அல்ல, நெருக்கம். தினம் இருமுறை குளிக்கிற பிள்ளைக்கும் வரும்.

பூச்சிதான் காரணம் என்பது 1687இலேயே சொல்லப்பட்டது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் மருத்துவர் பொனோமோவும் மருந்தாளர் செஸ்தோனியும் நுண்ணோக்கியில் பூச்சியைப் பார்த்து, அது முட்டையிடுவதையும் கண்டு, அறிஞர் ரெடிக்கு மடலாக எழுதினார்கள். மருத்துவ உலகம் அதை ஒன்றரை நூற்றாண்டு ஏற்கவில்லை. 1834இல் ரெனுச்சி என்ற கோர்சிகா மாணவர் பாரிஸ் மருத்துவமனையில் எல்லார் முன்னிலையிலும் ஊசிமுனையால் பூச்சியை வெளியே எடுத்துக் காட்டிய பிறகுதான் சர்ச்சை ஓய்ந்தது. அந்த வித்தையை அவர் கற்றது தம் ஊரின் ஏழைப் பெண்களிடம். பேராசிரியர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அந்தப் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் விரலிடுக்கிலிருந்து பூச்சியை எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பூச்சிக்கும் உடலுக்கும் இடையே என்ன நடக்கிறது என்ற கேள்வி அதன்பின் இன்னொரு நூறாண்டு காத்திருந்தது. அதற்கு முதல் தெளிவான விடை தந்தவர் கென்னத் மெலன்பி (1908–1993). ஸ்காட்லாந்தில் பிறந்த பூச்சியியலாளர், கேம்பிரிட்ஜில் படித்தவர், ராயல் சொசைட்டியின் சோர்பி ஆய்வு நல்கையில் ஷெஃபீல்டு நகரில் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிள்ளைகள் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தலையில் பேன் மண்டிக் கிடப்பதாகக் கிராமத்தார் முறையிட, பள்ளி மருத்துவப் பதிவேடுகள் அப்படியில்லை என்றன. மெலன்பி மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து எண்ணினார். தொழில் நகரங்களில் சிறுமியரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பேன் இருந்தது என்று 1941இல் அறிக்கை தந்தார். மேலோட்டமான பரிசோதனையும் உண்மையும் எவ்வளவு விலகி நிற்கும் என்பதை அந்த அறிக்கை காட்டியது. அதே சமயத்தில் படைமுகாம்களிலும் பதுங்கிடங்களிலும் சிரங்கு பெருகியது. போர்வையாலும் உடையாலும் அது பரவுகிறது என்று நம்பி, ராணுவம் மலைமலையாகக் கம்பளிகளை ஆவியில் வேகவைத்துக்கொண்டிருந்தது.

அந்த நம்பிக்கையைச் சோதிக்க மெலன்பிக்கு மனித உடல்கள் தேவைப்பட்டன. ஷெஃபீல்டில் ஒரு பெரிய வீட்டை எடுத்தார். அங்கே வந்து தங்கியவர்கள், ஆயுதம் ஏந்த மனச்சான்று இடம் தராது என்று போருக்குப் போக மறுத்த இளைஞர்கள். கொல்ல மாட்டோம் என்றார்கள். ஆனால் பிறர் பயனுக்காகத் தாம் துன்பப்படத் தயார் என்றும் சொன்னார்கள். மகாத்மா காந்தியின் பெயரில் கலாசாலை நடக்கும் ஓர் ஊரில் இந்த மனிதர்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஊரார் அவர்களைக் கோழைகள் என்று ஏசிய காலம் அது.

முதல் சோதனை போர்வைகளைப் பற்றியது. கடுமையான சிரங்கு கண்ட சிப்பாய்கள் அப்போதுதான் எழுந்துபோன கம்பளிக்குள் இவர்கள் வெற்றுடம்போடு படுத்தார்கள். அவர்கள் கழற்றிப்போட்ட உள்ளாடைகளைத் துவைக்காமல் நாள்கணக்கில் அணிந்தார்கள். இரவு இரவாக, மாதம் மாதமாக இது நடந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தொற்றியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. பிறகு நோயாளியோடு ஒரே படுக்கையில் உறங்கவைத்துப் பார்த்தபோது தொற்று எளிதாக ஒட்டியது. சிரங்கு பரவுவது தோலிலிருந்து தோலுக்கு, அதுவும் கை குலுக்குவது போன்ற கணநேரத் தொடுதலால் அல்லாமல் நீண்ட நேர நெருக்கத்தால் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. கம்பளியை வேகவைக்கும் வேலையும் செலவும் வீண் என்று மெலன்பி சொல்ல, அரசு ஏற்றுக்கொண்டது. நோயாளியின் வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதிக்கவும் சிகிச்சைக்கு உட்படுத்தவும் அதிகாரம் தரும் ஆணை ஒன்றை பிரிட்டன் 1941இல் பிறப்பித்தது.

அடுத்து அவர் பூச்சிகளை எண்ணினார். சிரங்கு கண்ட 886 சிப்பாய்களின் உடல் முழுதும் தேடி, ஊசியால் ஒவ்வொரு பெண் பூச்சியாக எடுத்தார்கள். சராசரியாக ஓர் உடலில் 11 இருந்தன. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் 5 அல்லது அதற்கும் குறைவு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பூச்சிகள் கைகளிலும் மணிக்கட்டுகளிலும்தான் கிடைத்தன. இரவெல்லாம் தூக்கமில்லாமல் உடல் முழுதும் கீறிக்கொள்ளும் மனிதனுக்குள் இருப்பது பத்துப் பன்னிரண்டு பூச்சிகள் என்றால், அந்த அரிப்புக்கு வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும். தடிப்பு தோன்றிய இடங்களும் இதையே காட்டின. வயிற்றிலும் தொடையிலும் இடுப்பிலும் தடிப்பு பரவியிருக்கும். அங்கே தேடினால் பூச்சி இராது.

விடை, தொற்று ஏற்கவைக்கப்பட்ட தொண்டர்களின் உடலில் கிடைத்தது. பூச்சி ஒட்டியது உறுதியான பின்னும் ஒரு மாதம் வரை அவர்களுக்கு அரிப்பே இல்லை. பூச்சிகள் பெருகிக்கொண்டிருந்தன, தோல் அமைதியாக இருந்தது. அதன்பின் அரிப்பு மெல்லத் தொடங்கி, வாரம்தோறும் கூடி, தாங்க முடியாத நிலைக்குப் போயிற்று. மருந்து போடாமல் மாதக்கணக்கில் அதை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பூச்சிகளின் எண்ணிக்கை ஓர் உச்சத்தைத் தொட்டுப் பின் தானாகவே சரியத் தொடங்கியதை அதனால்தான் பார்க்க முடிந்தது. குணமாக்கிய பிறகு அவர்களுக்கே மீண்டும் பூச்சியைத் தொற்றவைத்தபோது முற்றிலும் வேறான காட்சி தெரிந்தது. 24 மணி நேரத்துக்குள் அந்த இடம் சிவந்து அரிக்கத் தொடங்கியது. மறுதொற்று முயற்சிகளில் பாதிக்கும் மேல் தோற்றன. தொற்றிய இடங்களிலும் பூச்சிகள் முதல்முறை அளவுக்குப் பெருகவில்லை. உடல் ஒருமுறை கற்றுக்கொண்டதை நினைவில் வைத்திருந்தது. 1944இல் மெலன்பி இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். மனிதனில் சிரங்குக்கு எதிரான நோய் எதிர்ப்பைப் பற்றிய எல்லா ஆய்வுக்கும் இன்றுவரை அதுவே அடித்தளம். ஆரோக்கியமான மனிதர்களுக்கு வேண்டுமென்றே நோயைத் தந்து மாதக்கணக்கில் மருந்தில்லாமல் விட்டுவைப்பதை எந்த நெறிமுறைக் குழுவும் இன்று அனுமதிக்காது. ஆகவே அந்த அளவீடுகளை மறுபடி எடுக்கவும் முடியாது. அவற்றின் மதிப்பு அந்த இளைஞர்களின் பொறுமைக்கு உரியது.

மெலன்பி அதன்பின் வேறு பணிகளுக்குத் திரும்பினார். சோதனைக்குத் தம்மைத் தந்த மனிதர்களைப் பற்றி 1945இல் ஒரு நூல் எழுதினார். நைஜீரியாவில் இபாடான் பல்கலைக்கழகக் கல்லூரியை உருவாக்கி அதன் முதல் முதல்வராக இருந்தார். 1961இல் இங்கிலாந்தின் மாங்க்ஸ் வுட் ஆய்வு நிலையத்தைத் தொடங்கிப் பூச்சிக்கொல்லிகளால் சூழலுக்கு நேரும் கேட்டை ஆராய்ந்தார்.

அவர் கண்ட ஒரு மாத அமைதிக்கான காரணத்தைப் பின்வந்த நோய் எதிர்ப்பியலாளர்கள் விளக்கினார்கள். பூச்சியின் உமிழ்நீர், கழிவு, முட்டை ஓடு, செத்த உடல் ஆகியவற்றிலுள்ள புரதங்கள் மேல்தோலிலிருந்து கீழே கசிகின்றன. தோலில் காவலிருக்கும் செல்கள் அவற்றை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுகளுக்குப் போகின்றன. அங்கே அந்தப் புரதத்துக்கென்றே பொருந்தும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, பெருகி, தோலுக்குத் திரும்பிவருகின்றன. அரிப்பும் தடிப்பும் அவற்றின் வேலை. ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளும் உருவாகி, அடுத்தமுறை பூச்சி பட்டவுடன் ஒவ்வாமை போல உடல் பதில் சொல்ல வழிசெய்கிறது.

இதற்கு இவ்வளவு காலம் எடுப்பதற்குப் பூச்சியும் ஒரு காரணம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி ஆர்லியன் தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குச் செலவிட்டவர். வீட்டுத் தூசியில் வாழும் பூச்சிகளிலிருந்து தொடங்கியவர் அவர். உடலைவிட்டு விழுந்த சிரங்குப் பூச்சி சாதாரண அறைச் சூழலில் 24 முதல் 36 மணி நேரமே தொற்றும் வலுவோடு உயிர்வாழும் என்று அளந்ததும், தூசிப்பூச்சியின் புரதங்களும் சிரங்குப் பூச்சியின் புரதங்களும் ஒன்றையொன்று ஒத்திருப்பதை நிறுவியதும் அவருடைய குழுவே. அவரும் மார்ஜரி மார்கனும் ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் திசுவின்மேல் பூச்சிகளை விட்டுப் பார்த்தார்கள். 2013இல் முடிவை வெளியிட்டார்கள். குடையும் பூச்சி, தோல் செல்களின் மரபணுச் செயல்பாட்டையே மாற்றியமைக்கிறது. அது சுரக்கும் பொருள்களில் சில அழற்சியைத் தூண்டுகின்றன, சில அடக்குகின்றன. முதல் சில வாரங்கள் அடக்குபவை மேலோங்கி நிற்பதால் காவல் செல்கள் தாமதமாகவே விழித்துக்கொள்கின்றன. தூசிப்பூச்சியோடு உள்ள ஒற்றுமை இன்னொரு சிக்கலையும் தருகிறது. தூசி ஒவ்வாமையால் தும்முகிறவரின் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் சிரங்குப் பூச்சியையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே ரத்தப் பரிசோதனையில் சிரங்கைத் துல்லியமாகக் கண்டறிவது கடினம். இரண்டையும் பிரித்துக்காட்டக்கூடிய தனிப் புரதம் ஒன்றை வைத்து 2011இல் ராஜேஷ் ஜெயராஜும் உடன் பணியாற்றியவர்களும் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனைமுறையை உருவாக்கினார்கள். ஆயினும் இன்றுவரை கிளினிக்கில் நம்பத்தக்கது மருத்துவரின் கண்ணும், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பதும்தான்.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் நடந்த பணி, சிரங்கின் மறுகோடியைக் காட்டியது. 1848இல் நார்வேயில் டேனியல்சென், பேக் என்ற மருத்துவர்கள் தொழுநோயாளிகளிடம் விசித்திரமான ஒரு சிரங்கைக் கண்டிருந்தார்கள். தோல் தடித்து, பொருக்குப் பொருக்காக உரிந்து, அந்தப் பொருக்குக்குள் ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் பூச்சிகள் இருந்தன. பொருக்குச் சிரங்கு என்று இன்று அழைக்கப்படும் இது டார்வினைச் சுற்றியுள்ள பழங்குடிச் சமூகங்களில் மிகுதி. அங்குள்ள மென்சீஸ் ஆய்வுக் கழகத்தில் மருத்துவர் பார்ட் கரீயும், மூலக்கூறு ஆய்வாளர் ஷெல்லி வால்டனும் இதைப் பல்லாண்டு தொடர்ந்தார்கள். அவர்கள் குழு 78 பொருக்குச் சிரங்கு நோயாளிகளை ஆராய்ந்து 2005இல் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது.

இந்த நோயாளிகளின் உடல் எதிர்க்காமல் இருக்கவில்லை. தவறான வழியில் மிதமிஞ்சி எதிர்த்தது. ஐ.ஜி.இ. அளவு எகிறியிருந்தது. ஆனால் அந்த எதிர்ப்பொருள் பூச்சியைக் கட்டுப்படுத்தவில்லை. சாதாரணச் சிரங்கில் தோலுக்குள் திரள்பவை பெரும்பாலும் சி.டி.4 வகை டி செல்கள். பொருக்குச் சிரங்கில் சி.டி.8 வகைச் செல்கள் குவிந்திருப்பதை வால்டன் 2008இல் காட்டினார். அடுத்து 2010இல், அவர்களின் ரத்தச் செல்களில் ஒவ்வாமையைத் தூண்டும் ஐ.எல்.5, ஐ.எல்.13 ஆகிய செய்திப் புரதங்கள் மிகுதியாகவும், பாதுகாப்புத் தரும் இண்டர்ஃபெரான் காமா குறைவாகவும் இருப்பதைக் காட்டினார். எச்.ஐ.வி., நீண்டகால ஸ்டீராய்டு மருந்து, உறுப்பு மாற்றுச் சிகிச்சை, முதுமை ஆகியன இந்த நிலைக்கு வழி திறக்கும். வெளிப்படையான காரணம் எதுவுமே இல்லாதவர்களும் உண்டு.

முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இது. பொருக்குச் சிரங்கு கண்ட முதியவருக்கு அரிப்பு குறைவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பக்கவாதத்தால் கை அசையாதவர் சொறியவும் மாட்டார். உள்ளங்கையிலும் முழங்கையிலும் நகத்தடியிலும் படியும் சாம்பல் பொருக்கை முதுமையின் வறட்சி என்று எண்ணி எண்ணெய் தடவுவது இயல்பாக நடக்கிறது. இல்லத்தில் எல்லாரும் சொறிகிறார்கள், பணியாளர்களும் சொறிகிறார்கள், மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், தேட வேண்டியது சொறியாத ஒருவரை. அங்கே அவர் பத்துப் பூச்சிக்காரர்களின் நடுவே லட்சம் பூச்சியைச் சுமப்பவர். போர்வை, நாற்காலி, தரையில் உதிரும் பொருக்கு ஆகியவற்றாலும் பரவும் என்பது முக்கியமாக அவர் விஷயத்தில்தான் உண்மை. மெலன்பியின் கம்பளிச் சோதனை சாதாரணச் சிரங்குக்கே பொருந்தும். பொருக்குச் சிரங்கு கண்டவருக்கு இல்லத்தில் வைத்தே வைத்தியம் பார்க்கக் கூடாது. அவருக்கு மருத்துவமனை தேவை. தக்க சிகிச்சை இல்லாவிட்டால் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து.

நாய் விஷயத்தையும் வால்டன்தான் தீர்த்துவைத்தார். பழங்குடிக் கிராமங்களில் நாய்களுக்கும் சொறி இருந்ததால் அவற்றுக்கு மருந்து போட்டாலே போதும் என்ற கருத்து வலுவாக இருந்தது. ஒரே வீட்டு நாயிலும் மனிதரிலும் எடுத்த பூச்சிகளின் மரபணுவை ஒப்பிட்டு, இரண்டும் தனித்தனி மரபுவழிகள், ஒன்றோடொன்று கலப்பதில்லை என்று அவர் குழு 1999இல் நிறுவியது. நாயின் பூச்சி மனிதன்மேல் ஏறினால் சில நாள் அரிக்கும்; குடியேறிப் பெருகாது. தோட்டத்து நாய்களை அடித்து விரட்டுவதால் விடுதியில் சிரங்கு குறையப்போவதில்லை.

சிரங்கு அரிப்போடு நின்றுவிட்டால் அதை இவ்வளவு பொருட்படுத்த வேண்டியதில்லை. பிரிஸ்பேனின் கியூ.ஐ.எம்.ஆர். ஆய்வு நிலையத்தில் காட்யா ஃபிஷரும் மறைந்த டேவிட் கெம்பும் தொடங்கிய வேலை, அது ஏன் நிற்பதில்லை என்பதைக் காட்டியது. ரத்தத்தில் 'காம்ப்ளிமெண்ட்' என்றொரு புரதத் தொகுதி உண்டு. உள்ளே நுழையும் பாக்டீரியாவைத் துளையிட்டும், வெள்ளணுக்களை அழைத்தும் அழிப்பது அதன் பணி. பூச்சி தோலைத் தின்னும்போது கசியும் நீரோடு இந்தப் புரதங்களும் அதன் குடலுக்குள் போகின்றன. தன்னைக் காத்துக்கொள்ளப் பூச்சி, அவற்றை முடக்கும் புரதங்களைக் குடலில் சுரந்து கழிவோடு குடைவழியில் விட்டுச்செல்கிறது. பலன் பாக்டீரியாவுக்கு. ஃபிஷர் குழுவின் ஆய்வகச் சோதனைகளில், பூச்சியின் அந்தப் புரதங்களைச் சேர்த்த ரத்தத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் ஸ்டாஃபிலோகாக்கஸும் கூடுதலாகப் பெருகின. சொறிந்த நகம் கிருமியைக் கொண்டுவருகிறது. பூச்சி ஏற்கெனவே அங்குள்ள காவலை அகற்றியிருக்கிறது.

அதனால்தான் சிரங்கு கண்ட பிள்ளையின் கையில் சீழ்க்கொப்புளம் வைக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கொப்புளம் ஆறிய இரண்டு மூன்று வாரத்தில் முகம் வீங்கி, சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போகுமானால், அது சிறுநீரக அழற்சி. கிருமிக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் சிறுநீரக வடிகட்டியில் படிவதால் வருவது. 1970களின் தொடக்கத்தில் டிரினிடாடில் சிரங்கு கொள்ளைநோயாகப் பரவியபோது, அதன் பின்னாலேயே சிறுநீரக அழற்சியும் அலையாக வந்ததை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். சீழ்வைத்த சிரங்கோடு வரும் பிள்ளையின் முகவீக்கத்தைப் பார்த்து அன்றே கிளினிக்குக்கு அனுப்புகிற ஆசிரியர் ஒரு சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறார்.

இந்த அறிவெல்லாம் சிகிச்சையில் என்ன மாற்றத்தைக் கோருகிறது என்பது இனி எளிதாக விளங்கும். மருந்துகள் பழையவை, மலிவானவை: 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு, அரசாங்கக் கிளினிக்கில் இ.பி.பி. என்று தரும் பென்சைல் பென்சோயேட் நீர்மம், ஐவர்மெக்டின் மாத்திரை. களிம்பு கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகத்தடி, அக்குள், தொப்புள், பிறப்புறுப்பு எதையும் விடாமல் இரவு முழுதும் இருக்க வேண்டும்; கைகழுவினால் மறுபடி பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்குத் தலையிலும் முகத்திலும் பூசுவதைப் பற்றி மருத்துவர் சொல்வார். அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டுத் தொட்டுப் பூசுவதால் பயனில்லை. அரிக்கிற இடமும் பூச்சி இருக்கும் இடமும் ஒன்றல்ல என்று மெலன்பி காட்டிவிட்டார். அதே காரணத்தால், ஓர் அறையில் ஒருவருக்கு உறுதியானால் அந்த அறையில் உறங்கும் எல்லாருக்கும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே இரவில் மருந்து போட வேண்டும். அன்று பயன்படுத்திய துணியை வெந்நீரில் துவைக்கலாம், அல்லது பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வைக்கலாம். மெத்தையைக் கொளுத்த வேண்டியதில்லை.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது நம்மிடையே பழைய வழக்கம். அதைச் சோதித்த ஒரு முன்னோட்ட ஆய்வு 1992இல் வெளிவந்தது. 814 பேரில் 97 விழுக்காட்டினர் 3 முதல் 15 நாளில் குணமானதாக அது கூறுகிறது. எண்கள் கவர்பவைதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. விடுதி முழுவதையும் அதை மட்டும் நம்பி விட முடியாது.

கடையில் சீட்டில்லாமல் வாங்கும் அரிப்புக் களிம்புகளால் நேர்வது பெரிய கேடு. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அடக்குவதால் அரிப்பு உடனே தணியும், சிவப்பு மறையும். பூச்சி தடையின்றிப் பெருகும். தடிப்பு மறைந்த தோலைப் பார்க்கும் மருத்துவருக்கும் நோய் தெரியாமல் போகும்.

இன்னொரு பக்கம், சரியாக மருந்து போட்ட பின்னும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கலாம். பூச்சி செத்தாலும் அதன் உடலும் கழிவும் தோலுக்குள் கிடக்கின்றன. டி செல்கள் அவற்றோடு இன்னும் போராடிக்கொண்டிருக்கின்றன. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று பெற்றோர் நாள்தோறும் பூசித் தோலைப் புண்ணாக்கிவிடுவார்கள்.

எல்லாருக்கும் ஒரேசமயத்தில் என்ற கொள்கையைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஃபிஜித் தீவுகளில் 2012–13இல் 2,000க்கும் மேற்பட்டோரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். நோயாளிக்கும் அவரோடு பழகியவர்களுக்கும் மட்டும் வழக்கம்போல் மருந்து தந்த சமூகங்களில் சிரங்கு ஓராண்டில் 36.6 விழுக்காட்டிலிருந்து 18.8க்குக் குறைந்தது. எல்லாருக்கும் பெர்மெத்ரின் தந்த இடத்தில் 41.7லிருந்து 15.8க்கு வந்தது. எல்லாருக்கும் ஐவர்மெக்டின் தந்த இடத்தில் 32.1லிருந்து 1.9க்குச் சரிந்தது. ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெலும் உருவாக்கி, 2015இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த மருந்து அது. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கும் அதைத் தருவதில்லை, அவர்களுக்குக் களிம்புதான்.

சிரங்குக்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. ஒருமுறை வந்து குணமான முயல்கள் மறுதொற்றை ஓரளவு எதிர்ப்பதை ஆர்லியன் காட்டியிருப்பதால் வழி அடைபட்டுவிடவில்லை. பூச்சியை ஆய்வகத்தில் செயற்கை உணவில் வளர்க்க முடியாதது நெடுநாள் தடையாக இருந்தது; 2010இல் ஃபிஷர் குழு பன்றிகளில் அதைப் பெருக்கி வளர்க்கும் முறையை உருவாக்கியது. அந்தப் பன்றிகளிலேயே மாக்சிடெக்டின் என்ற நெடுநேரம் உடலில் தங்கும் மருந்து ஒரே வேளையில் ஐவர்மெக்டினைவிட நன்றாக வேலை செய்ததாக 2016இல் அறிவிக்கப்பட்டது. ஐவர்மெக்டின் முட்டையைக் கொல்வதில்லை; களிம்புக்குத் தப்பும் முட்டைகளும் உண்டு. எனவே இப்போதைக்கு, முதல் மருந்துக்குப் பின் 7 முதல் 14 நாளுக்குள், பொரிந்த குஞ்சுகள் முட்டையிடும் வயதை அடையுமுன், விடுதி முழுவதற்கும் இரண்டாம் முறையும் மருந்து போட வேண்டும்.